குறுவையில் விளைச்சல் சரிகிறது: யூரியா குறைவா, தண்ணீர் குறைவா?

கேள்வி: வணக்கம் ஐயா. நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் நஞ்சை. கெட்டியான களிமண். போர் இருக்கிறது, ஆற்றுத் தண்ணீர் முறை வரும்போது அதையும் பாய்ச்சுவோம். குறுவையில் 110 நாள் ரகம் போடுகிறோம். ஐந்தாறு வருடம் முன்பு ஏக்கருக்கு 36 மூட்டை (60 கிலோ மூட்டை) சாதாரணமாக வரும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. போன குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து பார்த்தேன். பத்து நாள் காயவிட்டுத் தண்ணீர் கட்டினேன். வயல் வெடித்தது, களை மண்டியது, பயிர் மஞ்சளாகிவிட்டது, 27 மூட்டைதான் கண்டது. அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி (நைட்ரஜனும் பாஸ்பரஸும் தரும் உரம்), மேலுரமாக யூரியா 4 மூட்டை இரண்டு தடவையாகப் போட்டேன். பொட்டாஷ் போடுவதில்லை. நட்ட மூன்றாவது வாரம் கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகளும் வந்தன. மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை (pH) 8.3, அங்ககக் கரிமம் (மண்ணில் உள்ள மட்கின் அளவுகோல்) 0.4 சதவீதம் என்று இருக்கிறது. வைக்கோலைக் கட்டாகக் கட்டி விற்றுவிடுகிறோம். தண்ணீர் நிற்காமல் நெல் விளையாது என்கிறார் அப்பா. உரக்கடையில் இன்னும் ஒரு மூட்டை யூரியா போடச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இன்னொரு மூட்டை யூரியா வேண்டாம், இப்போது போடுவதே அதிகம். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையையும் விட வேண்டாம். தண்ணீர் கட்டும் முறையை மாற்றிய நீங்கள் உரம் போடும் முறையை அப்படியே வைத்துக்கொண்டீர்கள், அதுதான் போன வருடம் நடந்த பெரிய கோளாறு. நெல் வயலில் தண்ணீரும் உரமும் தனித்தனி வேலை இல்லை. போட்ட உரம் பயிருக்குப் போகிறதா காற்றில் போகிறதா என்பதை, அந்த வாரம் வயலில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது வேறு கதை, அதற்கு மண்ணுக்குள் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 45 கிலோ மூட்டை யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 20.7 கிலோ. நாலு மூட்டைக்கு 83 கிலோ ஆகிறது, டிஏபியில் இருந்து 9 கிலோ சேர்ந்தால் ஏக்கருக்கு 92 கிலோ. காவிரி டெல்டாவில் குறுகிய கால ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60 கிலோதான். ஒன்றரை மடங்கு போட்டும் பயிர் மஞ்சளாகிறது என்றால் சத்து போதவில்லை என்று அர்த்தமில்லை, போட்டது பயிருக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கே போனது? இரண்டு வழி இருக்கிறது, உங்கள் வயலில் இரண்டும் திறந்தே இருந்திருக்கின்றன.

ஒன்று, நிற்கிற தண்ணீரில் யூரியாவை வீசுவது. தண்ணீரில் கரைந்த யூரியா இரண்டு மூன்று நாளில் அமோனியமாக மாறும். வெயில் நேரத்தில் தண்ணீரில் இருக்கும் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் அந்தத் தண்ணீரின் கார நிலை மதியத்தில் 9-க்கு மேல் ஏறிவிடும். அந்தக் காரத்தில் அமோனியம் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும், காற்று அடித்தால் இன்னும் வேகமாகப் போகும். குறுவைக்கு மேலுரம் போடும் காலம் ஆனி, ஆடி. வெயிலும் உண்டு, ஆடிக் காற்றும் உண்டு. நடவு முடிந்த முதல் மூன்று வாரத்தில் இலை விரிந்து தண்ணீரை மூடியிருக்காது, வேரும் சின்னது. அந்த நேரத்தில் இரண்டு மூட்டையை மொத்தமாக வீசினால் பாதி வரைகூடப் போய்விடலாம். 2015 முதல் வேப்ப எண்ணெய் பூசிய யூரியாதான் வருகிறது, அதனால் வீணாகாது என்று நினைக்காதீர்கள். வேப்பெண்ணெய் அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும், அமோனியாவாகப் பறப்பதைப் பெரிதாகத் தடுக்காது.

இரண்டாவது வழி, காயவிடுவதும் நனைப்பதும் மாறி மாறி நடக்கும்போது வருவது. தண்ணீர் நிற்கும் சேற்றில் தழைச்சத்து அமோனியமாகக் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இருக்கும். வயல் காய்ந்து காற்று உள்ளே போனதும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். மறுபடி தண்ணீர் கட்டினால் அந்த நைட்ரேட் ஒன்று கீழே இறங்கும், இல்லை நைட்ரஜன் வாயுவாக வெளியேறும். யூரியா போட்டு நாலைந்து நாளிலேயே காயவிட்டு, வெடிப்பு வந்த பிறகு தண்ணீர் விட்டிருந்தால் காசைக் கொடுத்து வாயு உற்பத்தி செய்ததாகத்தான் ஆகும். அதே யூரியாவைப் பயிர் ஒரு வாரம், பத்து நாளில் உறிஞ்சி முடித்த பிறகு காயவிட்டால் இழப்பதற்கு மண்ணில் அதிகம் மிச்சமிருக்காது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், காய்ச்சலும் பாய்ச்சலும் உங்களுக்கு நஷ்டம் தராது.

ஆகவே மேலுரம் போடும் முறை இப்படி. குழாயில் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) தண்ணீர் இறங்கி, வயல் சேறாக ஈரமாக இருக்கிறது, மேலே தண்ணீர் நிற்கவில்லை என்ற நிலையில் மாலை நேரத்தில் யூரியாவைத் தூவுங்கள். அடுத்துத் தண்ணீர் கட்டுங்கள், மேலே கிடந்த யூரியாவை அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறக்கிவிடும். அதன் பிறகு ஒரு வாரம் 2 முதல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் வைத்திருங்கள், வடிக்கவும் வேண்டாம், காயவிடவும் வேண்டாம். வாய்மடை அடைத்திருக்கிறதா, வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் யூரியா பக்கத்து வயலுக்குப் போனால் அதையும் பயிர் மஞ்சள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அளவு: டிஏபி ஒரு மூட்டையோடு யூரியா மொத்தம் இரண்டரை மூட்டை போதும். அடியுரத்தில் டிஏபியுடன் 13 கிலோ, தூர் கட்டும்போது (நட்ட 15 நாள் வாக்கில்) 33 கிலோ, சூல் கட்டத் தொடங்கும்போது 33 கிலோ, முதல் கதிர்கள் எட்டிப் பார்க்கும்போது 33 கிலோ. இவற்றில் மூன்றாவதைத் தவறவிடவே கூடாது. கதிரில் எத்தனை மணி என்பது அந்த நாட்களில்தான் முடிவாகிறது. நாட்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். நட்ட 30-ஆம் நாளிலிருந்து தாய்த்தூர் ஒன்றைப் பிடுங்கி அடித்தண்டை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாருங்கள், உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளையாகக் கூம்பு போல ஒன்று தெரிந்தால் அதுதான் நேரம். நாலாவது தவணை வேண்டுமா வேண்டாமா என்பதை இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட எண்ணிட்ட நிறப்பட்டைகள் உள்ள அட்டை) வைத்து முடிவு செய்யுங்கள். முழுதாக விரிந்த மேல் இலை பத்தை, உங்கள் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு இலை 4-ஆம் நிறத்துக்குக் கீழே இருந்தால் போடலாம் (வெள்ளைப் பொன்னி ரகம் என்றால் 3), இல்லையென்றால் மிச்சம் பிடியுங்கள். கரும்பச்சையாகக் கொழுத்த பயிரில் புகையான் பூச்சி வந்து உட்காரும், காற்றில் சாயும். அதற்கு மருந்தடிக்கும் செலவு தனி.

அடுத்தது தண்ணீர். பத்து நாள் என்று நாட்கணக்கில் காயவிட்டது சரியில்லை. உங்களுடையது பழைய டெல்டாவில் பரவலாக இருக்கும் களத்தூர் வகை மண்ணாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துவிட்டால் சேற்றுழவில் உருவான இறுகிய அடித்தளமே பிளந்துபோகும். அப்புறம் நீங்கள் கட்டுகிற தண்ணீர் வெடிப்பு வழியே கீழே ஓடும், சத்தையும் கொண்டுபோகும். தண்ணீரை மிச்சப்படுத்தப் போய் அதிகம் செலவழித்திருப்பீர்கள், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். இலவச மின்சாரம் என்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. களிமண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போதே தண்ணீர் கட்டிவிட வேண்டும்.

கண்ணால் மட்டம் பார்ப்பதைவிடக் குழாய் நம்பகமானது. 30 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிவிசி குழாய் ஒன்று, விட்டம் 10 முதல் 15 சென்டிமீட்டர். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், வரப்பிலிருந்து பார்க்கிற தூரத்தில் வையுங்கள். உள்ளே தெரிகிற தண்ணீர் மட்டம்தான் வயலுக்குள் இருக்கும் மட்டம். பொதுவாக மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பயிருக்குப் பாதிப்பில்லை என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் அந்த அளவைத்தான் பாதுகாப்பான எல்லை என்கிறது. ஆனால் உங்கள் மண்ணுக்கு முதல் வருடம் 10 சென்டிமீட்டரிலேயே தண்ணீர் கட்டிவிடுங்கள் என்பேன். வெடிப்பு வராமல் இருந்தால் அடுத்த வருடம் 15-க்குப் போகலாம்.

இந்த இடத்தில் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவரோடு சண்டை வேண்டாம். நட்ட முதல் இரண்டு வாரம் வேர் பிடிப்பதற்கும் களையை அடக்குவதற்கும் மெல்லிய தண்ணீர் நிற்கத்தான் வேண்டும். உங்களுக்குக் களை மண்டியது அந்த வாரங்களில் காயவிட்டதால்தான் இருக்கும். கதிர் வெளிவரும் முன் ஒரு வாரமும் வந்த பின் ஒரு வாரமும் 5 சென்டிமீட்டர் தண்ணீர் குறையவே கூடாது, அப்போது காய்ந்தால் மகரந்தம் கெட்டு நெல் பதராகும். தண்ணீர் நிற்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. காற்று இல்லாத சேற்றில் இரும்பு இளகி, அதோடு கட்டுண்டு கிடந்த மணிச்சத்து (பாஸ்பரஸ்) பயிருக்குக் கிடைக்கிறது. நஞ்சையில் மணிச்சத்துப் பற்றாக்குறை புஞ்சை அளவுக்கு வராததற்கு அது ஒரு காரணம். அப்பாவின் அனுபவம் இதையெல்லாம் பார்த்து வந்ததுதான். ஆனால் நட்டதிலிருந்து அறுப்பு வரைக்கும் வற்றாமல் நின்றால் வேர் மூச்சுவிடாது. ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாகவும் செம்பழுப்பாகவும் இருந்தால் நல்லது, கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் சேற்றில் நச்சு வாயு தங்கியிருக்கிறது, உடனே வடித்து இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். எனவே முதல் 15 நாளும் பூக்கும் இரண்டு வாரமும் அப்பா சொல்வது, நடுவில் தூர் கட்டும் காலமும் பால் பிடித்த பிறகும் நீங்கள் சொல்வது, அறுப்புக்கு 10 முதல் 15 நாள் முன்பு முழுதாக வடிப்பது. மேலுரம் போட்ட வாரங்கள் மட்டும் எப்போதும் விதிவிலக்கு.

இதெல்லாம் நிலம் மட்டமாக இருந்தால்தான் நடக்கும். ஒரே வயலில் ஒரு மூலையில் அரையடி தண்ணீரும் இன்னொரு மூலையில் காய்ந்த மண்ணும் இருந்தால் எந்தக் குழாயும் உதவாது, உரமும் பள்ளத்தில் போய்த் தேங்கும், மேட்டில் களை எழும்பும். கோடையில் லேசர் கருவி வைத்து ஒருமுறை மட்டப்படுத்திவிடுங்கள். வாடகை கொஞ்சம் வலிக்கும், ஆனால் இந்தப் பதிலில் நான் சொல்லும் எல்லா வேலையிலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

இப்போது கீழ் இலைப் பழுப்புப் புள்ளி. நட்டு இரண்டு முதல் நாலு வாரத்தில், கீழ் இலைகளில், துருப்பிடித்த மாதிரி, பயிர் அங்கங்கே குட்டையாக நின்று, கூடவே கார அமில நிலை 8.3, அங்ககக் கரிமமும் குறைவு என்றால் எனக்கு முதல் சந்தேகம் துத்தநாகக் குறைபாடுதான். வடக்கே இமயமலை அடிவாரத்தில் உள்ள தராய்ப் பகுதியில் நெல்லுக்கு வந்த கைரா என்ற நோய் உண்மையில் கிருமியால் வந்ததல்ல, துத்தநாகம் இல்லாததால் வந்தது என்று பந்த்நகரில் ஒய். எல். நேனே 1966-இல் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை ஏதோ நோய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இன்னும் பலர் இந்தப் புள்ளியைப் பார்த்துப் பூஞ்சாண மருந்து அடிக்கிறார்கள், அல்லது யூரியாவைக் கூட்டுகிறார்கள். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து, நடவுக்கு முன் பரம்படித்த பிறகு மேலாகத் தூவுங்கள். டிஏபியோடு கலந்து போடக் கூடாது, மணிச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்தால் இரண்டும் பயிருக்குக் கிடைப்பது குறையும். பயிரில் அறிகுறி வந்துவிட்டால் 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டும் 1 சதவீத யூரியாவும் கரைத்து இலைவழி தெளிக்கலாம். தொடர்ந்து தண்ணீர் நிற்பது துத்தநாகத்தை மேலும் கட்டிப்போடும், அதனாலும் நடுவில் காயவிடுவது உங்கள் மண்ணுக்கு நல்லது.

உங்கள் மண்ணில் கார நிலை ஏன் அவ்வளவு? போர்த் தண்ணீர் மேல் எனக்குச் சந்தேகம். டெல்டாவில் பல இடங்களில் நிலத்தடி நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் அதிகம். ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் வருடக்கணக்கில் போர்த் தண்ணீரே பாய்ந்தால் சோடியம் சேர்ந்து மண் இறுகும், தண்ணீர் கீழே இறங்காது, துத்தநாகமும் இரும்பும் முடங்கும். மண்ணைப் பரிசோதித்த நீங்கள் தண்ணீரைப் பரிசோதிக்கவில்லை. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் அளவைக் கேட்டு வாங்குங்கள். 1.25-க்குக் கீழே என்றால் பயமில்லை, 2.5-க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிப் பயிர் செய்ய முடியாது, ஆற்று முறை வரும்போது அதையே முழுதாகப் பாய்ச்சி, போரைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வருடா வருடம் குறைந்ததற்கு வருகிறேன். வைக்கோல். நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) ஐந்தில் நாலு பங்கு தாளிலும் இலையிலும்தான் தங்குகிறது, மணியில் இல்லை. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் வெளியே போனால் அதோடு சுமார் 30 கிலோ சாம்பல் சத்து போகிறது, பொட்டாஷ் உரமாகக் கணக்குப் போட்டால் சுமார் ஒரு மூட்டை. நீங்கள் பொட்டாஷே போடுவதில்லை. களிமண் என்பதால் சேமிப்பு அதிகம், அதனால் முதல் சில வருடம் தெரியாது, தெரியும்போது தண்டு வலுவில்லாமல் சாய்வது, இலை ஓரம் கருகுவது, மணி சுருங்குவது என்று வரும். யூரியாவைக் கூட்டக் கூட்ட இது மோசமாகும். வங்கிக் கணக்கில் போடாமல் எடுத்துக்கொண்டே இருப்பது போலத்தான் இது.

கட்டு வியாபாரி கொடுக்கும் பணம் கைக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும், வைக்கோலே விற்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். குறுவை வைக்கோலை விற்றுக்கொள்ளுங்கள். குறுவைக்கும் அதற்கு அடுத்து நடும் தாளடிக்கும் நடுவில் நாள் குறைவு, பச்சைத் தாளை மடக்கி உடனே நட்டால் அது மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொண்டு இளம்பயிரை மஞ்சளாக்கும். தாளடி அறுத்த பிறகு வரும் வைக்கோலை வயலிலேயே விடுங்கள், கோடை முழுக்க மட்க நேரம் இருக்கிறது. கொளுத்த மட்டும் வேண்டாம். பொட்டாஷைக் குறைந்தது ஏக்கருக்கு 33 கிலோ, யூரியா போடும் நாலு தவணையிலும் 8 கிலோ வீதம் பிரித்துப் போடுங்கள். வைக்கோல் விற்கிற வருடம் அதற்கு மேல் ஒரு 15 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்ககக் கரிமம் 0.4 என்பதை உரக்கடை மூட்டை எதுவும் ஏற்றாது. சித்திரை, வைகாசியில் போர்த் தண்ணீர் இருக்கிறதே, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச் செடி) விதையுங்கள், 40 முதல் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். கார மண்ணிலும் வளரும், தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும், மட்கும்போது கார நிலையையும் கொஞ்சம் இறக்கும். அது நன்றாக வளர்ந்த வயலில் அடியுர யூரியா 13 கிலோ தேவையில்லை. தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்தில் உளுந்து தெளிக்கும் பழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு, அதை விட்டிருந்தால் மறுபடி பிடியுங்கள். உளுந்து தெளிக்கிற வயலில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்ப முடியாது, அதனால் இரண்டு ஏக்கரில் உளுந்து, இரண்டு ஏக்கரில் வைக்கோல் என்று வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம்.

நாலு ஏக்கரிலும் ஒரே வருடம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரு ஏக்கரில் குழாய் வைத்து மேலே சொன்னபடி செய்யுங்கள், மற்ற மூன்றில் தண்ணீரை அப்பா முறைப்படி வையுங்கள், ஆனால் உர அளவும் தவணையும் துத்தநாகமும் நாலிலும் ஒன்றாக இருக்கட்டும். அப்படிச் செய்தால்தான் வித்தியாசம் தண்ணீரால் வந்ததா உரத்தால் வந்ததா என்று தெரியும். கூடவே ஒரு மூலையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் தனி வரப்புக் கட்டி, அந்தத் துண்டுக்கு மட்டும் தழைச்சத்து எதுவும் போடாமல் விடுங்கள். அங்கே டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும் ஜிங்க் சல்பேட்டும் மட்டும். அறுக்கும்போது அந்த 25 சதுர மீட்டர் நெல்லைத் தனியாகத் தூற்றி எடை போடுங்கள். உங்கள் மண் தன் கையிருப்பிலிருந்து எவ்வளவு கொடுக்கிறது என்பது அந்த எடையில் தெரிந்துவிடும், அதை வைத்து அடுத்த குறுவைக்கு யூரியாவை இன்னும் துல்லியமாகக் கணக்கிட முடியும்.

ஜிப்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 8.3 என்றதும் யாராவது போடச் சொல்வார்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு 200 கிலோ வழக்கமான பரிந்துரை, அது கந்தகத்துக்காகவும் சுண்ணாம்புச் சத்துக்காகவும், அதைப் போடுவதில் தப்பில்லை. கார மண்ணைச் சீர்திருத்துவதற்கான டன் கணக்கு வேறு, அதற்கு மண்ணில் சோடியம் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும், வடிகாலும் வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் அதையும், வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா ஓடுகிறதா என்பதையும் எழுதி அனுப்புங்கள், அந்தக் கணக்கை அப்போது போட்டுத் தருகிறேன்.